யாருடைய வலப்பக்கம்?

எங்கள் அறையில் அவளுக்கு 'நாற்பது' என்று பெயர் வைத்தது நான்தான். வயதைப் பார்த்து வைத்ததில்லை, வயது நாற்பத்தேழு. ஒரு படத்துக்கு நாற்பது சொல்லுக்கு மேல் போகக் கூடாது என்பது எங்கள் வேலையில் சட்டம். மற்றவர்கள் அறுபது எழுதிவிட்டு, அதில் இருபதை வெட்ட முடியாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். அவள் எழுதியதை எண்ணிப் பார்க்கவே வேண்டாம், சரியாக நாற்பதில் வந்து நிற்கும். முகத்துக்கு நேரே அக்கா என்பேன், முதுகுக்குப் பின்னால் நாற்பது என்பேன். அவளுக்கும் அது தெரியும். தெரிந்து என்ன, கோபம் வந்தால்தானே!

வேலை என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கூடப் பிறந்த அண்ணனுக்கே மூன்று வருடமாக இது புரியவில்லை. "படத்தப் பார்த்து எழுதறதுக்குச் சம்பளமா?" என்று இன்னமும் கேட்கிறான். ஒரு கலைக்கூடம் தன்னிடமுள்ள ஓவியம், புகைப்படம், வீடியோ எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. பார்வை இல்லாதவர்கள் அந்தப் பக்கத்தைத் திறந்தால், படத்தில் என்ன இருக்கிறது என்று போனில் ஒரு குரல் சொல்லும். குரல் இயந்திரத்தினுடையது. அது சொல்கிற வாசகம் எங்களுடையது. எழுதுகிறவர்கள் நான்கு பேர், சரிபார்க்கிறவள் நான் ஒருத்தி. கலைக்கூடத்தின் பின்கட்டில் இரண்டாம் மாடி, ஒரு காலத்தில் உடைந்த படச்சட்டங்களைப் போட்டு வைத்திருந்த அறை. அங்கிருக்கும் ஏசிக்கு ஒரே குளிர்தான் தெரியும், குறைக்கச் சொன்னால் அணைந்துவிடும்.

எங்களுக்கு இரண்டு விதிகள். ஒன்று, கண்டதை எழுது, கருதியதை எழுதாதே. 'சோகமாக இருக்கிறாள்' என்று எழுதினால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். 'தலை குனிந்திருக்கிறாள்' என்றுதான் எழுத வேண்டும். சோகமா, கழுத்து வலியா என்பதைக் கேட்கிறவர் முடிவு செய்துகொள்வார். இரண்டு, இடம் வலம். படத்துக்கு எதிரே நின்று பார்க்கிறவருடைய இடம், அவருடைய வலம். படத்துக்குள் இருக்கிறவருடையது இல்லை. இது பார்க்கச் சின்ன விஷயம், புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இதில்தான் குப்புற விழுவார்கள். ஒவ்வொரு தொகுப்பின் தொடக்கத்திலும் இயந்திரக் குரலே இதைச் சொல்லிவிடும், கேட்கிறவர் குழம்பக் கூடாதே என்று.

சரிபார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் கண்ணை மூடிக்கொண்டு வாசகத்தைக் கேட்க வேண்டும். மனசுக்குள் படம் வர வேண்டும். பிறகு கண்ணைத் திறந்து, நிஜப் படத்தைத் திரையில் போட்டு, இரண்டையும் ஒத்துப் பார்க்க வேண்டும். எங்கள் மேலாளர் எதற்கெடுத்தாலும் 'ஆகட்டும்' என்கிறவர், அதனால் அவருக்கு 'ஆகட்டும் சார்' என்று பெயர். "கண்ணுல விளக்கெண்ணெய விட்டுக்கிட்டுப் பாரும்மா" என்று அவர் மாதத்துக்கு ஒரு முறையாவது சொல்லாமல் இருந்ததில்லை.

நாற்பது இந்த வேலைக்கு வருவதற்கு முன் பதினோரு வருடம் ஒரு ஸ்கேன் மையத்தில் அறிக்கை தட்டச்சு செய்தவள். 'கல்லீரல் இயல்பான அளவில் உள்ளது. பித்தப்பையில் கல் தென்படவில்லை.' நாள் முழுக்க இதையே அடித்தவளுக்கு ஓவியம் என்ன, கத்தரிக்காய் என்ன! எங்கள் கூடத்துக்கு வருகிற படைப்புகளையும் நீங்கள் பார்க்க வேண்டும். பழைய கீபோர்டுகளிலிருந்து பிடுங்கிய எழுத்துக் கட்டைகள் தரையில் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடக்கும். ஒரு வீடியோவில் ஓர் ஆள் நாற்பது நிமிடம் பனிக்கட்டியை முறைத்துக்கொண்டே இருப்பார், அது உருகி முடிந்ததும் எழுந்து போய்விடுவார். இதைப் பார்த்து நான் தலையில் அடித்துக்கொள்வேன், பக்கத்து மேசைக்காரர்கள் சிரிப்பார்கள். அவள் இரண்டும் செய்ய மாட்டாள். 'மரமேசை. அதன் மேல் செங்கல் அளவில் ஒரு பனிக்கட்டி' என்று தொடங்கிவிடுவாள்.

அவள் கணவர் அச்சகத்தில் நிறம் பார்க்கிறவராக இருந்தார். அச்சாகி வரும் தாளைக் கையில் எடுத்து, சிவப்பு ஏறியிருக்கிறது, மஞ்சள் இறங்கியிருக்கிறது என்று சொல்லுகிற வேலை. கண்ணில் அழுத்தம் கூடி, ஒரு கண், பிறகு இன்னொரு கண் என்று நாலு வருடத்தில் பார்வை முழுதாகப் போய்விட்டது. அப்போதுதான் அவள் ஸ்கேன் மையத்தை விட்டு இங்கே வந்தாள், வீட்டுக்குப் பக்கம் என்று. ஒரே மகள், கல்லூரியில் இரண்டாம் வருடம். அவள் இங்கே சேர்ந்து ஒரு வருடம் ஆனபோது அந்த மகளுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தே நாள். பத்தொன்பது வயது.

துக்கம் கேட்க நானும் போயிருந்தேன். வாசல் வரைக்கும் கூட்டம். மகளின் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு வரவில்லை, பார்க்காமலே வந்துவிட்டேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் யார் கிட்டே வந்தாலும் "வந்திருக்கிறது யாரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் சமையலறையில் நின்று தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய தம்ளரையே திரும்பக் கழுவினாள். நான் கூப்பிட்டேன், திரும்பிப் பார்த்து, "லீவு லெட்டர் சார்கிட்ட கொடுத்தாச்சா?" என்றாள்.

பத்தொன்பது நாள் கழித்து வேலைக்கு வந்தாள். வந்தவள் முன்பைவிட நன்றாக எழுதினாள். இதைச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது, ஆனால் உண்மை. பிசிறே இல்லை. ஒரு நாளைக்கு இருபத்தைந்து படம் முடித்துக்கொண்டிருந்தவள் முப்பத்தைந்து முடித்தாள். ஆகட்டும் சார் கூட்டத்தில் எழுந்து நின்று அவளைப் பாராட்டினார். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவளைப் போய் எண்ணிக்கைக்காகப் பாராட்டுவார்களா? அவளோ எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். மதியம் டிபன் பாக்ஸைத் திறப்பாள், சாப்பிடுவாள், மூடுவாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் மூடியைத் திறந்து பார்த்துத்தான் சொல்லுவாள். அழுது நான் பார்த்ததில்லை. ஒரு நாளாவது அழுது தொலைத்தால் தேவலையே என்று நானே நினைத்திருக்கிறேன்.

இப்படியே இரண்டு வருடம் போனது. அப்புறம்தான் இருட்டுக்காரர் வந்தார்.

இருட்டுக்காரர் என்பது நாங்கள் வைத்த பெயர். ஊர் ஊராகப் போய் நவீன கலைக் காட்சி நடத்துகிறவர். எதைச் செய்தாலும் விளக்கை அணைத்துவிட்டுத்தான் செய்வார். இந்த முறை அவர் கொண்டுவந்த யோசனை, படமே இல்லாத படக்கண்காட்சி. பெரிய கூடம், கும்மிருட்டு, அறுபது நாற்காலிகள். பொதுமக்கள் தங்கள் வீட்டில் வைத்திருக்கும் படங்களில் ஒன்றே ஒன்றை இணையத்தில் அனுப்ப வேண்டும். படத்தை யாருக்கும் காட்ட மாட்டார்கள். எங்கள் நால்வரில் ஒருவர் அதை நாற்பது சொல்லில் எழுத, இருட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் அதைக் காதால் கேட்பார்கள். அனுப்பியவருக்கும் அந்த வாசகம் குரலாகப் போகும்.

"படம் பார்க்க வர்றவங்க படத்தப் பார்க்கவே மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"அதுதான் கலை" என்றார் இருட்டுக்காரர்.

"ஆகட்டும்" என்றார் சார்.

அறுநூற்றுப் பதினெட்டுப் படங்கள் வந்தன. எந்தப் படம் யாருக்கு என்பதை இயந்திரமே குலுக்கிப் போட்டது. அனுப்புகிறவர் எழுதும் குறிப்பு எனக்கு மட்டும் வரும். எழுதுகிறவருக்கு வெறும் படமும் எண்ணும்தான். மனசுக்குக் கஷ்டமான படமாக இருந்தால் 'மாற்று' என்று ஒரு பொத்தான் உண்டு, அழுத்தினால் அது வேறு ஒருவருக்குப் போய்விடும். நால்வரில் மூன்று பேர் அதை அழுத்தியிருக்கிறார்கள். நாற்பது அழுத்தியதே இல்லை.

திறப்பு விழாவுக்கு ஒரு வாரம். என் மேசையில் எழுபது வாசகங்கள் தேங்கிக் கிடந்தன. காலையில்தான் சாரோடு ஒரு சண்டை, ஏசிக்காக. அந்தக் கடுப்பில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவளுடையது வந்தால் எனக்கு இளைப்பாறுவது மாதிரி. தப்பு இருக்காது. மூன்று வருடத்தில் ஒரு தப்பு பிடித்ததில்லை. அதனால் கொஞ்ச நாளாகவே ஒரு கெட்ட பழக்கம் வந்திருந்தது: அவளுடையதைக் காதால் கேட்பேன், படத்தைத் திறக்காமலே 'சரி' என்று அனுப்பிவிடுவேன். குறிப்பையும் படிக்க மாட்டேன். படம் நானூற்றுப் பதினேழையும் அப்படித்தான் அனுப்பினேன். அதில் இருந்தது இது:

'நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஓர் இளம்பெண், வயது இருபதுக்குள், ஒரு காலை மடித்து உட்கார்ந்திருக்கிறாள். ஈரத் தலைமுடி தோளில் கிடக்கிறது. மஞ்சள் சட்டை, மேல் பொத்தான் இல்லை. கையில் பாதி உரித்த ஆரஞ்சு. பின்னால் வெள்ளைச் சுவர், ஒரு சுவிட்ச் பலகை. கேமராவைப் பார்க்கவில்லை, தலை வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. வாய் திறந்திருக்கிறது. மேல்வரிசைப் பற்கள் தெரிகின்றன.'

மூன்றாம் நாள் படம் அனுப்பியவரிடமிருந்து பதில் வந்தது. பொதுவாக 'நன்றி', 'அருமை' என்று ஒற்றை வார்த்தையில் வரும். இது கொஞ்சம் நீளமாக இருந்ததால் படித்தேன்.

'விவரணைக்கு நன்றி. எனக்குப் பார்வை இல்லை. படம் எடுத்தபோது நான் அதே அறையில், ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அது படத்துக்கு இடப்பக்கம். வலப்பக்கம் டிவி. டிவி ஓடிக்கொண்டிருந்ததும் ஞாபகம் இருக்கிறது. ஆகவே என் மகள் டிவியைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். அவள் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பாளோ என்று இரண்டு வருடமாக ஒரு நினைப்பு இருந்தது. தெளிவாகச் சொன்னதற்கு நன்றி.'

உடனே அவர் முதலில் அனுப்பியிருந்த குறிப்பைத் தேடி எடுத்தேன். 'மகளின் கடைசிப் படம். அவளே என் போனுக்கு அனுப்பியது. போனைக் கேட்டால் "படம், ஒருவர், நாற்காலி" என்கிறது. வீட்டில் இதைச் சொல்லக் கூடியவர் ஒருவர்தான். அவரால் சொல்ல முடியவில்லை. அவரைக் குறை சொல்லவில்லை.'

கடைசியில், அன்றே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். படத்தைத் திறந்தேன். நீல நாற்காலி, மஞ்சள் சட்டை, ஆரஞ்சு, எல்லாம் வாசகத்தில் இருந்த மாதிரியே. ஆனால் அந்தப் பெண்ணின் தலை இடப்பக்கம் திரும்பியிருந்தது. அப்புறம் முகத்தைப் பார்த்தேன். அந்த மூக்கும் அந்தத் தாடையும் எனக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து முப்பத்தோராவது படத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தன.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கட்டும், ஆனால் அதைப் பார்க்கத்தானே எனக்குச் சம்பளம்? அவள் தப்பு பாதி, என் தப்பு பாதி. இல்லை, என் தப்புதான் முக்கால். ஒரு மனிதர் இரண்டு வருடமாகப் பிடித்துக்கொண்டிருந்த ஒரே ஒரு நினைப்பை, ஏசிக் கடுப்பில் நான் பிடுங்கிப் போட்டிருக்கிறேன். அதற்கு எனக்கு நன்றி வேறு சொல்கிறார்.

நாற்காலியை நகர்த்திக்கொண்டு அவள் பக்கத்தில் போனேன்.

"அக்கா, நானூத்திப் பதினேழு."

"ம்."

"வலப்பக்கம்னு இருக்கு. இடப்பக்கம்ல வரணும்?"

அவள் படத்தைத் திறந்து பார்த்தாள். மற்ற படங்களை எப்படிப் பார்ப்பாளோ அப்படியேதான் பார்த்தாள். "ஆமா. தப்புதான். திருத்திடுறேன்" என்றாள்.

"அக்கா... அது யாரு?"

"என் பொண்ணு."

மணி என்ன என்று கேட்டதற்குச் சொன்ன மாதிரி இருந்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. "'மாற்று'ன்னு ஒரு பொத்தான் இருக்குல்ல? எதுக்கு இருக்கு அது? அமுக்கியிருந்தா வேற யாராவது எழுதியிருப்பாங்கல்ல?"

"வேற யார் எழுதினாலும் அந்தச் சட்டைப் பொத்தான விட்டுருவாங்க. தைச்சுப் போட்டுக்கடின்னு அன்னிக்குக் காலைல இருந்து கத்திட்டிருந்தேன்." அவள் திருத்தப் படிவத்தைத் திறந்தாள். 'தவறின் வகை' என்ற இடத்தில் 'திசை' என்று தேர்ந்தெடுத்தாள். 'காரணம்' என்ற இடத்தில் கை நின்றது. "அவ பக்கத்துல இருந்து எழுதிட்டேன் போல" என்றாள். பிறகு 'கவனக்குறைவு' என்று அடித்தாள்.

பதில் கடிதத்தை அவளிடம் காட்டுவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. காட்டாமல் இருந்தால் அது இன்னொரு துரோகம் என்று தோன்றியது. காட்டினேன். அவள் வாசித்தாள். கடைசி வரிக்குப் போய், மறுபடி முதல் வரிக்கு வந்து, மறுபடி வாசித்தாள்.

"வீட்டுல உங்ககிட்ட கேட்டதே இல்லையா அக்கா அவரு?"

"கேட்டுட்டேதான் இருந்தாரு. அப்புறம் சொல்றேன், அப்புறம் சொல்றேன்னு சொல்லிட்டே இருந்தேன். போன வருஷத்துல இருந்து கேக்குறதில்ல." படிவத்தை அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். "சொல்லக் கூடாதுன்னு இல்லம்மா. வாயத் தொறந்தா ஒண்ணும் வரல. இங்க உக்காந்து அடிச்சா வருது. எனக்கே ஏன்னு தெரியல."

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"திருத்தம் அனுப்பியாச்சு. நாளைக்கு அவர் போனுக்குப் போயிரும். கேட்டுக்குவாரு."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவள் மேல் பாதி, என் மேல் பாதி. "மெஷின் சொல்லியாக்கா அவருக்குத் தெரியணும்? 'படம் நானூற்றுப் பதினேழில் திசை திருத்தப்பட்டது'ன்னு ஒரு ரோபோ சொல்லும். அதுக்கும் அவரு நன்றின்னு பதில் போடுவாரு. நான் படிச்சுட்டு 'சரி'ன்னு அமுக்கணும். நல்லா இருக்கா? நாளைக்கு வரைக்கும் அந்த மனுஷன் பொண்ணு டிவியப் பார்த்துச்சுன்னு நெனச்சுட்டு உக்காந்திருக்கணுமா? உங்களுக்கு வாய் இல்லையா? கல்லா நீங்க?"

அறையில் தட்டச்சு சத்தம் நின்றுவிட்டது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் ஆகட்டும் சார் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார். சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. என் நாக்கில் சனி. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. மேசையிலிருந்த போனை எடுத்து வீட்டு எண்ணைப் போட்டாள். எப்போதும் போல ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, கைகளைக் கீபோர்டின் மேல் வைத்துக்கொண்டாள், தட்டச்சு செய்யப் போகிறவள் மாதிரி.

"என்னம்மா இந்த நேரத்துல?" என்றார் அவர். "உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நானூத்திப் பதினேழுல ஒரு திருத்தம்."

அந்தப்பக்கம் தண்ணீர் விழுந்துகொண்டிருந்த குழாயை அவர் மூடுகிற சத்தம் கேட்டது.

"அது உன்கிட்டயா வந்துச்சு?"

"ம். நான்தான் எழுதினேன்."

"அந்தச் சட்டைப் பொத்தானக் கேட்டப்பவே ஒரு நிமிஷம் நெனச்சேன்" என்றார். "அப்புறம், நீயா இருக்காதுன்னு விட்டுட்டேன்."

"வலப்பக்கம்னு போட்டது தப்பு. இடப்பக்கம்."

"யாரோட இடம்?"

"நம்ம இடம். நான் படம் எடுத்தேன்ல, என்னோட இடம்."

"அங்க நான்ல நின்னுட்டிருந்தேன்."

"ஆமாங்க. உங்களத்தான் பார்த்துட்டிருந்தா. உங்களப் பார்த்துத்தான் சிரிச்சா."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் அழுகிறாரா என்று தெரியவில்லை, அப்படி எதுவும் கேட்கவில்லை. அவளும் அழவில்லை. ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், எங்கள் இயந்திரக் குரல் மாதிரியேதான் அதைச் சொல்லியிருந்தாள்.

"இன்னொரு தடவ சொல்லும்மா" என்றார்.

சொன்னாள். அவர் மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னாள்.